மை டப்பா

மகளுக்கு ஒரு வயது முடிந்த நான்காம் நாள் டாக்டர் ஆபீசிலிருந்து போன் வந்தது. விரல் நுனியில் குத்தி எடுத்த ரத்தத்தில் லெட் அளவு 8 என்று காட்டுகிறது, கையில் ஊசி போட்டு ரத்தம் எடுத்து மறுபடி பார்க்க வேண்டும் என்றார்கள். ‘லெட்’ என்றதும் எனக்கு பென்சில்தான் ஞாபகம் வந்தது. காரீயம் என்று புரிய ஒரு நிமிடம் ஆனது. மறுபடி எடுத்ததில் 6. அதாவது ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 6 மைக்ரோகிராம். 3.5-ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும் என்று அமெரிக்காவின் நோய்த்தடுப்பு மையமான சிடிசி 2021-இல் வரம்பைக் குறைத்திருக்கிறது. ‘இந்த அளவுக்குக் கீழே இருந்தால் பாதுகாப்பு’ என்று சொல்ல காரீயத்தில் ஓர் எண்ணே கிடையாது என்பதை அன்றிரவு படித்தேன். வளரும் மூளையைத்தான் அது முதலில் பதம் பார்க்கும் என்பதையும் படித்தேன். படித்திருக்கக் கூடாது.

நாங்கள் இருப்பது நியூ ஜெர்சி எடிசனில். இங்கே ஒரு வயதிலும் இரண்டு வயதிலும் குழந்தைகளுக்கு இந்தப் பரிசோதனை கட்டாயம். காரணம் பழைய வீடுகளின் பெயின்ட். வீட்டுப் பெயின்டில் காரீயம் கலப்பதை 1978-இல் தடை செய்தார்கள். அதற்கு முன் கட்டிய வீடு என்றால் சுவரைச் சந்தேகப்படுவார்கள். எங்கள் அபார்ட்மென்ட் தொண்ணூறுகளில் கட்டியது. அப்போது சுவர் இல்லை. வேறு என்ன?

அடுத்த வாரம் சுகாதாரத் துறையிலிருந்து ஒரு நர்ஸ் வந்தார். தன்மையானவர். கையில் ஒரு கேள்வித்தாள். மஞ்சள் தூள் எங்கிருந்து வாங்குகிறீர்கள்? மிளகாய்த் தூள்? பித்தளைப் பாத்திரம் உண்டா? நாட்டு மருந்து கொடுக்கிறீர்களா? குழந்தையின் தோலில் என்ன தேய்க்கிறீர்கள்? கண்ணுக்கு மை வைப்பீர்களா? அவர் வாசிக்க வாசிக்க, யாரோ எங்கள் அம்மாவின் சூட்கேஸைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைப்பது போல இருந்தது.

அந்த சூட்கேஸைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

2022 அக்டோபரில் பிரசவத்துக்கு உதவியாக அம்மா வந்தார். எங்கள் ஊர் ஈரோடு மாவட்டத்தில் சிவகிரிப் பக்கம். மஞ்சள்காடு. அம்மா அதற்கு முன் விமானம் ஏறியதில்லை. 23 கிலோவில் இரண்டு பெட்டி. கைப்பையில் பொடி வைத்தால் தனியாகப் பிரித்துப் பார்ப்பார்கள் என்று நான் பயமுறுத்தியிருந்ததால் எல்லாம் பெட்டிக்குள் போயிருந்தது. அரப்பு இரண்டு கிலோ. சீயக்காய். பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, வெட்டிவேர் போட்டு அரைத்த நலங்கு மாவு. காங்கேயத்துப் பக்கம் செக்கில் ஆட்டிய தேங்காயெண்ணெய், மூன்று உறை போட்டுக் கட்டியது. வெளக்கெண்ணெய். வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், அதை உரைக்க ஒரு சின்னக் கல். சொந்தக் காட்டு மஞ்சள்தூள் ஒரு தூக்குவாளி நிறைய. அவருடைய சேலைகள் மொத்தம் ஆறுதான் இருந்தன.

இதில் வேடிக்கை என்னவென்றால், இவை எல்லாவற்றிலிருந்தும் தப்பித்து ஓடியவள் நான். உசில் மரத்து இலையைக் காயவைத்து அரைத்தால் அரப்பு. எண்ணெய் தேய்த்து அரப்புப் போட்டுத் தண்ணி வாத்துக்கொண்டால் தலை குளிரும் என்பார்கள். குளிரும்தான். கூடவே காதுமடலிலும் சீப்பிலும் பச்சைத் துகள் ஒட்டிக்கொண்டு வரும். கோயமுத்தூரில் ஹாஸ்டலில் சேர்ந்த முதல் மாதமே அரப்பு டப்பாவைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு சாஷே ஷாம்புவுக்கு மாறினேன். என் அறைத்தோழிகளிடம் அது மாட்டுக்கு வைக்கும் மருந்து என்று பொய் சொன்னேன்.

நலங்கு மாவுடன் இருந்த கணக்கு வேறு. அது தோலுக்கு நல்லது என்று யாரும் எனக்குத் தேய்க்கவில்லை. “தேச்சுத் தேச்சு வாத்துவிட்டா கொஞ்சம் கலரு வரும்” என்றுதான் அம்மிச்சி தேய்ப்பார். ஃபேர் அண்ட் லவ்லி 1975-இல் சந்தைக்கு வந்தது. 2020-இல் பெயரிலிருந்த ‘ஃபேர்’ போய் ‘க்ளோ’ வந்தது. எங்கள் வீட்டில் ட்யூப் வாங்கவில்லை, அவ்வளவுதான். அது சொன்னதையேதான் நலங்கு மாவும் சொன்னது.

பிறகு அமெரிக்கா. இங்கே முதல் குளிர்காலத்தில் கை முட்டியெல்லாம் வெடித்து, கடையில் இருக்கும் எல்லா க்ரீமையும் பூசிப் பார்த்துவிட்டு, ஒருநாள் ஓக் ட்ரீ ரோட்டில் ஒரு தேங்காயெண்ணெய் பாட்டிலைக் கையில் எடுத்து அந்த வாசனையில் அப்படியே நின்றேன். அதன்பின் நான் ஒரு மாதிரி ஆகிவிட்டேன். மஞ்சள் போட்ட ஃபேஸ் மாஸ்க் முப்பது டாலருக்கு விற்பதை ஆபீஸ் தோழிகளிடம் கிண்டலடிப்பேன். காயத்துக்கு மஞ்சள் வைப்பதற்கு 1995-இல் இதே நாட்டில் ஒரு பல்கலைக்கழக மருத்துவ மையம் காப்புரிமை வாங்கியதையும், இந்தியாவின் சிஎஸ்ஐஆர் பழைய நூல்களை ஆதாரமாகக் காட்டி 1997-இல் அதை ரத்து செய்ய வைத்ததையும் மதியச் சாப்பாட்டு மேசையில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஆபீசுக்கு லட்டு வாங்கிப் போனேன். ஹாஸ்டல் கட்டிலுக்கு அடியில் தள்ளியதை இங்கே மேடை போட்டு வைத்தேன்.

அம்மா இருந்த ஆறு மாதமும் பாப்பாவுக்குத் தினமும் எண்ணெய், நலங்கு மாவு, சாம்பிராணி, மை. மை வீட்டிலேயே செய்வார். வெளக்கெண்ணெய் ஊற்றித் திரி ஏற்றி, மேலே தட்டைக் கவிழ்த்து, படியும் கரியை வழித்து எண்ணெயில் குழைப்பது. முதல் தடவை செய்தபோது புகை அலாரம் அலறி, பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டிவிட்டார். அம்மா விளக்கை முந்தானையால் மறைத்துக்கொண்டு நின்றார். அடுத்த தடவையிலிருந்து என் கணவர் ஒரு டவலோடு அலாரத்துக்குக் கீழே நின்று விசிறினார். மூன்று பேருக்கும் சிரிப்புத் தாங்கவில்லை.

இப்போது நர்ஸ் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் உறையில் போட்டுக்கொண்டார். முடிவு வர இரண்டு வாரம். அதுவரை எதையும் குழந்தைக்கு வைக்காதீர்கள் என்றார். அவர் போனதும் தேடிப் படித்தேன். பங்களாதேஷில் மஞ்சள் கிழங்கை மெருகேற்றும்போது பளீரென்று தெரிய லெட் குரோமேட் என்ற மஞ்சள் சாயத்தைச் சேர்த்திருக்கிறார்கள். எண்பதுகளில் வெள்ளத்தில் நனைந்து நிறம் மங்கிய கிழங்கை விற்கத் தொடங்கிய பழக்கமாம். ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சியாளர்கள் 2019-இல் இதை வெளியில் கொண்டுவந்த பிறகு அரசாங்கம் சந்தைகளில் இறங்கிப் பிடித்தது. 2019-இல் சந்தை மஞ்சளில் 47 சதவீதத்தில் இருந்த காரீயம் 2021-இல் ஒன்றிலும் இல்லை.

படித்து முடித்த சூட்டில் அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். அங்கே விடியற்காலை.

“நம்ம மஞ்சள எங்க மெருகு போட்டீங்க? என்ன சேத்தினாங்க? அரைக்கறக்கு எங்க குடுத்தீங்க? உரைமருந்து எந்தக் கடைல வாங்குனது?” போலீஸ் மாதிரி கேட்டேன்.

அம்மா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். வேகவைத்துக் காயப்போட்டது களத்தில். ஈரோடு மார்க்கெட்டுக்குப் போவதைத்தான் மெருகு போடுவார்கள், வீட்டுக்கு எடுத்து வைப்பதற்கு எதற்கு மெருகு? அரைத்தது தெரிந்த மில்லில், பக்கத்திலேயே நின்று. அப்புறம்தான் எதற்கு இதெல்லாம் என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் போனில் மோட்டார் சத்தம் மட்டும் கேட்டது.

“அப்ப நாங் குடுத்துட்டதுலயா கண்ணு? என்ற கையாலயே புள்ளைக்கு வெசம் வெச்சுட்டனா?”

இல்லைம்மா என்று நான் உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. “ரிசல்ட் வரட்டும்” என்றேன்.

அந்த இரண்டு வாரமும் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை என்று தம்பி பிறகு சொன்னான். நாட்ராயன் கோயிலுக்கு நேர்ந்துகொண்டாராம். ஊரில் எத்தனை குழந்தைகளுக்குக் குளிக்க ஊற்றி, உரைமருந்து புகட்டியிருக்கிறார். அவர்களையெல்லாம் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தாராம், யாராவது படிப்பில் மந்தமாக இருக்கிறார்களா என்று.

முடிவு வந்தது. அம்மாவின் மஞ்சளில் இல்லை. நலங்கு மாவில் இல்லை. எண்ணெய், வசம்பு, அரப்பு எதிலும் இல்லை. ஒன்றே ஒன்றில் இருந்தது. ஒரு சின்ன மை டப்பா.

அது நான் வாங்கியது.

அம்மா 2023 ஏப்ரலில் ஊருக்குத் திரும்பினார். அவர் செய்து வைத்த மை ஜூலையில் தீர்ந்தது. தனியாக விளக்கேற்றி அலாரத்தோடு மல்லுக்கட்ட எனக்கு நேரமில்லை. ஒரு கடையில் பார்த்தேன். அழகான டப்பா. நூறு சதவீதம் இயற்கை, மூலிகை, பாரம்பரிய முறை என்று பொன்னெழுத்து. உள்ளே என்னென்ன இருக்கிறது என்று எங்கும் எழுதவில்லை. எழுதவில்லை என்பதையே டப்பா உறைக்குள் போன பிறகுதான் கவனித்தேன். மூன்று மாதம் தினமும் கண்ணிலும் கன்னத்திலும் வைத்தேன். குழந்தை கண்ணைக் கசக்கும், அதே விரலை வாயில் வைக்கும். வழி அவ்வளவுதான்.

கரியில் செய்யும் மை வேறு, சுர்மா வகை மை வேறு என்று நர்ஸ்தான் விளக்கினார். சுர்மா பல இடங்களில் கலீனா என்ற கல்லைப் பொடித்துச் செய்வது. கலீனா என்பது காரீயத் தாது. அந்த மினுமினுப்பான கறுப்பு அதனால்தான். அப்படிப்பட்ட மையை அமெரிக்காவில் விற்கவே அனுமதி கிடையாது. ஆனாலும் கடைகளுக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. யோசித்தால், டப்பாவில் எழுதியிருந்தது பொய்யும் அல்ல. கலீனா மண்ணுக்குள்ளிருந்து வருவது. காரீயத்தைவிட இயற்கையானது எது? அழகுப் பொருளில் ‘நேச்சுரல்’ என்று போட இங்கே சட்டத்தில் ஒரு வரையறைகூட இல்லை. அந்தச் சொல்லை நம்பி வாங்கியது நான்தான். நான் உண்மையில் வாங்கியது மையை அல்ல என்று இப்போது தோன்றுகிறது. அம்மா ஊருக்குப் போன பின் வீட்டில் காலியான ஓர் இடத்தை ஆறு டாலர் கொடுத்து நிரப்பப் பார்த்தேன்.

முடிவு வந்ததும் அம்மாவை அழைத்திருக்க வேண்டும். மூன்று நாள் தள்ளிப்போட்டேன். வேலை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், தவறு அம்மா மேல் இருந்தவரை எனக்குள் ஒரு நிம்மதி இருந்தது. படிக்காத அம்மா, பழைய பழக்கம், நான் என்ன செய்ய முடியும் என்ற நிம்மதி. அதை விட மனசு வரவில்லை. “இன்னுமா சொல்லல? அத்தை அங்க தூங்காமக் கெடக்கறாங்க” என்று கணவர் சத்தம் போட்ட பிறகுதான் போன் எடுத்தேன்.

அழுதுகொண்டே சொன்னேன். அம்மா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கொஞ்சம் ஆசைப்படவும் செய்தேன். அவர் கேட்டது: “இப்ப எத்தன இருக்குது அந்த நெம்பரு?”

ஆறு என்றேன். “எறங்குமா?” இறங்கும் என்றார் டாக்டர். 45-க்கு மேல் போனால்தான் மருந்து கொடுத்துப் பிரித்தெடுப்பார்கள். நமக்கு, உள்ளே போவதை நிறுத்திவிட்டு, இரும்புச்சத்தும் கால்சியமும் நிறையக் கொடுத்தால் போதும். இரும்பும் கால்சியமும் குறைவாக இருக்கும் உடம்பு காரீயத்தை அதிகமாக உறிஞ்சிக்கொள்ளுமாம்.

“கால்சியமுன்னா ராயி. ராயிக் கூழு காச்சிக் குடு” என்றார் அம்மா. இரண்டு வாரம் கழித்து அன்றுதான் குரல் பழையபடி வந்தது.

2024 பிப்ரவரியில் 4. மே மாதம் 2. இறங்கிய எண் முன்பே செய்ததை அழித்துவிடுமா என்று டாக்டரிடம் கேட்டேன். இவ்வளவு குறைந்த அளவில், இவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்ததில் பெரிதாகப் பயப்பட வேண்டாம், வளர்ச்சியைக் கவனித்துக்கொண்டே இருப்போம் என்றார். இல்லை என்று அவர் சொல்லவில்லை. மகள் ஒரு சொல்லைத் தாமதமாகச் சொன்னாலும் எனக்கு அந்த டப்பாதான் கண்முன் வரும். அது இனி என்னோடுதான் இருக்கும்.

அம்மாவின் வழி சரி, கடை வழி தப்பு என்று இதை முடிக்க எனக்கு ஆசைதான். அப்படி இல்லை. அம்மாவின் மஞ்சள் தப்பித்தது அது இயற்கை என்பதால் அல்ல. யார் காட்டில் விளைந்தது, யார் வேகவைத்தது, எந்த மில்லில் அரைத்தது என்று கேட்டால் சொல்ல ஒரு ஆள் இருந்தார் என்பதால். அவருக்குத் தெரியாத இடங்களும் உண்டு. உரைமருந்தை எந்தக் கடையில் வாங்கினார் என்ற கேள்விக்கு அன்று அவரிடம் பதில் இல்லை. வீட்டு மையானாலும் குழந்தையின் கண்ணுக்குள் வைக்க வேண்டாம், கிருமி போகும் என்று டாக்டர் சொன்னதையும் அம்மாவிடம் சொன்னேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், “செரி, செய்யல” என்றார்.

போன மாதம் ஒரு பார்சல் வந்தது. ஒவ்வொரு பொட்டலத்திலும் அம்மாவின் கையெழுத்தில் ஒரு சீட்டு. ‘அரப்பு. நம்ம வேலியோரத்து மரம். சித்திரை 10 அரைச்சது.’ ‘மஞ்சத்தூள். கெழவங்காடு. மெருகு போடாதது.’ நலங்கு மாவு இருந்தது. ஆனால் அதன் சீட்டில் கலரைப் பற்றி ஒன்றுமில்லை. ‘வேர்க்குருவுக்கு’ என்று மட்டும் எழுதியிருந்தார். மை இல்லை.

அன்று ராத்திரி வீடியோவில் பேத்தியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணெய் தேய்த்து வாத்துவிட்ட முகம், பொட்டு இல்லாமல், கன்னத்தில் கறுப்பு இல்லாமல் மொழுமொழுவென்று இருந்தது. அவருக்கு எங்கேயோ உறுத்தியிருக்க வேண்டும். போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, இரண்டு கையையும் திரையை நோக்கி நீட்டி வழித்து, தன் நெற்றிப்பொட்டில் வைத்து மடமடவென்று நெட்டி முறித்தார்.

“எத்தன சத்தம் பாரு. அத்தன கண்ணு” என்றார். என் மகளும் தன் இரண்டு கையையும் நெற்றியில் வைத்துப் பார்த்தாள். அவளுக்குச் சத்தம் வரவில்லை.