கண்ணாடிக் கதவும் கொசுவலையும்

உத்திரமேரூர் என்றதும் எல்லோருக்கும் குடவோலைதான் ஞாபகம் வரும். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (919, 921) இருக்கின்றன. வாரியத்துக்கு வர என்ன தகுதி வேண்டும் என்று அதில் பட்டியலே போட்டிருக்கிறார்கள். சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. ஆயிரத்து நூறு வருஷம் ஓடிவிட்டது, ஆனாலும் இந்தப் பக்கத்தில் ஒருத்தருக்கு மரியாதை வருவது வீடு கட்டின பிறகுதான் :)

வீடுதான் மாறிவிட்டது. ஓட்டு வீடு, திண்ணை, நடை எல்லாம் போய், ஒரகடம் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகிற பிள்ளைகள் மாடி வீடு கட்டுகிறார்கள். அதில் லேட்டஸ்ட் ஆசை, கொல்லைப்புறம் பார்த்த மாதிரி ஒரு பெரிய ஸ்லைடிங் கண்ணாடிக் கதவு. வயல் தெரியும், வெளிச்சம் வரும், போட்டோவுக்கும் நன்றாக இருக்கும். தப்பே இல்லை. ஆனால் கடையில் எல்லோரும் கேட்பது கண்ணாடி என்ன கலர், ஃபிரேம் வெள்ளையா மரக்கலரா என்பதுதான். வலையைப் பற்றிக் கேட்பவர் குறைவு. கதவை மாட்டின பிறகுதான் அது ஞாபகம் வருகிறது.

இங்கே ஏரி இருக்கிறது, ஏரிக்குக் கீழே நெல் வயல். ஐப்பசி கார்த்திகையில் விளக்கைப் போட்டால் ஈசல், தத்துப்பூச்சி, கொசு என்று ஒரு ஊர்வலமே வரும். அப்படி ஒரு வீட்டில் நடந்தது இது. பழைய வீட்டில் பாட்டி சாயங்காலம் ஆனால் கொல்லைக் கதவோரம் காலை நீட்டி உட்காருவார். புது வீட்டில் அதே இடத்தில் எட்டடி அகலத்துக்குக் கண்ணாடி, வலை கிடையாது. விளக்கு வைக்கிற நேரம் ஆனதும் கொசுவுக்குப் பயந்து கதவைச் சாத்திவிடுவார்கள். வயல் காத்து வெளியே, பாட்டி உள்ளே, ஃபேனுக்குக் கீழே. கரண்ட் போனால் அதுவும் இல்லை. "இன்னாத்துக்குடா இவ்ளோ பெரிய கதவு? காத்து வரவா, வேடிக்கை பாக்கவா?" என்று பேரனைப் பார்த்துக் கேட்டார். கதவுக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஸ்லைடிங் கதவு எட்டடி இருந்தாலும் திறப்பது நாலடிதான். ஒரு பலகை இன்னொன்றின் பின்னால் ஒளிந்துகொள்கிறது, அவ்வளவே. வலை வேண்டுமென்றால் அதற்குத் தனியாக ஒரு தடம் வேண்டும். கடையில் 'மூணு ட்ராக்', 'ரெண்டரை ட்ராக்' என்பார்கள். ரெண்டு தடம் கண்ணாடிக்கு, மிச்சம் வலைக்கு. ஃபிரேம் போட்ட பிறகு இதைச் சேர்ப்பது பெரும்பாடு. ஜன்னலுக்கு ஒட்டுகிற மாதிரி வெல்க்ரோ வலையை இங்கே ஒட்டினால் ஆள் எப்படிப் போய் வருவது? அந்த வீட்டில் கடைசியில் பக்கவாட்டில் மடிந்து போகிற வலையைத் தனியாக மாட்டினார்கள். வசதிதான், ஆனால் உள்ளே ஓடுகிற நூல் அறுந்தால் மொத்தமும் தொங்கிவிடும்.

வலையிலும் ரகம் இருக்கிறது. சாதாரணமாகக் கிடைப்பது ஃபைபர் கிளாஸ் வலை. ஒரு அங்குலத்துக்கு ஒரு பக்கம் 18, மறுபக்கம் 16 கண் இருந்தால் கொசு வராது. அதைவிட நெருக்கமாகப் போனால் குட்டிப் பூச்சியும் நிற்கும், கூடவே காற்றும் குறையும். எலியும் பூனையும் இருக்கிற கிராமத்து வீட்டுக்கு ஃபைபர் வலை தாங்காது, எலி கடித்துவிடும். கீழ்ப் பாதிக்காவது 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலை போடுவது நல்லது. கடலோரமாக இருந்தால் 316 கேட்க வேண்டும், இங்கே அவ்வளவு தேவையில்லை.

வலை போட்டும் கொசு வருகிறதே என்று திட்டுபவர்கள் உண்டு. பெரும்பாலும் காரணம் இதுதான்: கண்ணாடியைப் பாதி மட்டும் திறந்து வைப்பார்கள். அப்போது கண்ணாடிச் சட்டத்துக்கும் வலைச் சட்டத்துக்கும் நடுவே ஒரு இடைவெளி விழும். கண்ணாடியை முழுசாகத் தள்ளினால்தான் இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தும். ஓரத்தில் பிரஷ் மாதிரி ஒரு இழை ஓடும், அது தேய்ந்திருந்தாலும் வழிதான்.

வலைக்குப் போய் இவ்வளவா என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய கதை. மலேரியாக் கிருமியைக் கொசுவின் உடம்புக்குள் ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டது 1897ல். ஆனாலும் கொசுக்கடிதான் காரணம் என்று நிறைய பேர் நம்பவில்லை. 1900ல் லண்டனிலிருந்து சாம்போன், லோ என்ற இரண்டு டாக்டர்கள் ரோமுக்குப் பக்கத்தில் ஓஸ்டியா சதுப்பு நிலத்துக்குப் போய், கம்பி வலை அடித்த ஒரு மரக் குடிசையில் தங்கினார்கள். சுற்று வட்டாரமே காய்ச்சலில் படுத்திருந்த சீசன் அது. அவர்கள் மருந்து சாப்பிடவில்லை. பொழுது சாய்வதற்குள் உள்ளே போய், விடிந்த பிறகு வெளியே வந்தார்கள். சீசன் முடிகிற வரைக்கும் காய்ச்சல் வரவில்லை.

அது மலேரியாக் கொசு, ராத்திரி ஆள். டெங்குவைப் பரப்புகிற ஏடிஸ் பகலில் கடிக்கும். அதனால் 'சாயங்காலம் மட்டும் வலையைச் சாத்தினால் போதும்' என்பது சரிப்படாது. பகலில் தூங்குகிற கைக்குழந்தை இருக்கிற வீட்டில் இதை இரண்டு தடவை சொல்லலாம்.

கண்ணாடி டஃபன்டு கிளாஸாக இருக்கட்டும். உடைந்தால் கத்தி மாதிரி இல்லாமல் சின்னச் சின்னத் துண்டாக உதிரும். மூலையில் ஐஎஸ் 2553 முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம். ஒருமுறை பதப்படுத்திய பிறகு அதை வெட்ட முடியாது, அதனால் அளவு தப்பினால் தப்பினதுதான். யுபிவிசி ஃபிரேமைக் கரையான் அரிக்காது, மழைக்கு ஊதாது. ஆனால் உள்ளே இரும்புக் குழாய் கொடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள், பெரிய பலகை அது இல்லாவிட்டால் வளையும். வயசானவர்கள் இருந்தால் கீழ்த் தடத்தின் உயரம் ரொம்ப முக்கியம். ஒன்றரை அங்குலமே காலைத் தட்டிவிடப் போதும். தரையோடு பதிக்கச் சொல்லலாம், ஆனால் தண்ணீர் வெளியே போக வாட்டம் விட வேண்டும்.

காமர்ஸ் பசங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், கதவு முதலினச் செலவு, வலை வருவாயினச் செலவு. வலை கிழியும், மாற்றியே ஆக வேண்டும். பட்ஜெட்டில் அதை எழுதி வைப்பவர் யாரும் இல்லை!

பராமரிப்பு பெரிய வித்தை இல்லை. வாரம் ஒருமுறை பழைய டூத் பிரஷ்ஷால் தடத்தைத் தேய்த்து மண்ணை எடுத்தால் பாதி வேலை முடிந்தது. கதவு கனத்தால் உடனே தேங்காய் எண்ணெய் ஊற்றுகிறார்கள். வேண்டாம்... எண்ணெயில் புழுதி ஒட்டிக் களிமண் ஆகிவிடும். மண்ணை எடுத்துவிட்டு சிலிகான் ஸ்ப்ரே அடித்தால் போதும். அப்படியும் இழுத்தால் பலகையின் அடி ஓரத்தில் ஒரு ஸ்க்ரூ இருக்கும், அதைத் திருகினால் உருளை ஏறி இறங்கும். உருளையே தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டியதுதான். வலையைக் கழற்றி சோப்புத் தண்ணீரில் மெதுவாகக் கழுவி நிழலில் காய வைக்கலாம்.

மழைக்கு முன்னால், புரட்டாசியிலேயே, ஃபிரேமின் வெளிப்பக்கம் கீழே இருக்கிற சின்ன ஓட்டைகளை ஒரு ஈர்க்குச்சியால் குத்திப் பார்க்க வேண்டும். தடத்தில் விழுகிற தண்ணீர் வெளியேற விட்ட வழி அது. குளவி அதில் மண்ணை வைத்து அடைத்திருக்கும். அடைத்திருந்தால் முதல் மழைக்கே தண்ணீர் ஹாலுக்குள் வந்துவிடும்.