மாஞ்சோலை அடிவாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

மணிமுத்தாறு சோதனைச்சாவடியில் வனத்துறை அனுமதியைக் காட்டிவிட்டு மேலே ஏறினால், அருவியைத் தாண்டி மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று தேயிலைக் குடியிருப்புகள் வரும். மழைக்காலத்தில் ஊத்தும் நாலுமுக்கும் செய்தியில் அடிபடும். இத்தனை மில்லிமீட்டர் என்று மழையை ஒரே எண்ணில் சொல்லிவிடலாம். பூமி ஆடினால் ஒரு எண் போதாது.

2024 செப்டம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை. நண்பகலுக்குச் சற்று முன், மலையடிவாரத்தில் அம்பாசமுத்திரம், மணிமுத்தாறு வட்டாரத்தில் சில விநாடிகள் தரை அதிர்ந்ததாகச் சொல்லி மக்கள் வீட்டைவிட்டு வெளியே வந்தார்கள். தேசிய நில அதிர்வு மையத்தில் பதிவு எதுவும் இல்லை என்றது மாவட்ட நிர்வாகம். அப்படியானால் ஊரே சேர்ந்து கனவு கண்டதா?

அவசரப்பட்டு அப்படிச் சொல்லிவிட முடியாது. நிலநடுக்கத்துக்கு இரண்டு அளவுகள் உண்டு. ஒன்று, பூமிக்குள் வெளிப்பட்ட ஆற்றலைச் சொல்வது. 1935-இல் கலிபோர்னியாவில் சார்லஸ் ரிக்டர் வகுத்தது இந்த வகை. இன்று விஞ்ஞானிகள் வேறு கணக்குக்கு மாறிவிட்டாலும், நம் செய்திகள் ரிக்டரை விடுவதாக இல்லை! இதில் ஒரு எண் கூடினால், கருவி வரையும் அலை 10 மடங்கு உயரும். ஆற்றலோ சுமார் 32 மடங்கு. ஆக 3-க்கும் 5-க்கும் இடையே ஆயிரம் மடங்கு வித்தியாசம்.

மற்றது மெர்காலி அளவு, மொத்தம் 12 படிகள். தொங்கும் விளக்கு ஆடியதா, அடுக்களையில் பாத்திரம் குலுங்கியதா, சுவர் விரிசல் விட்டதா என்று மக்களைக் கேட்டுத்தான் படியைச் சொல்வார்கள். ஊருக்கு ஊர் இது மாறும். ஆழமில்லாத சின்ன அதிர்வு, நேர் மேலே இருப்பவர் காலுக்குத் தெரியும். தொலைவிலுள்ள கருவிக்குத் தெரியாமல் போகலாம். பாறைக்கு வைக்கும் வெடியும் அப்படித்தான்.

1900 பிப்ரவரி 8 அன்று கோவைப் பகுதி குலுங்கியபோது, நாட்டில் கருவிகள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். எங்கெங்கே எப்படி உணரப்பட்டது என்ற குறிப்புகள் உதவியதால்தான், அது சுமார் 6 என்று பின்னாளில் கணிக்க முடிந்தது.

அதற்கு மலையில் ஆள் வேண்டும். 2024-இல் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தபின் மாஞ்சோலை லைன் வீடுகளிலிருந்து பல குடும்பங்கள் இறங்கிவிட்டன. அந்த அடுக்களைகளில் குலுங்கப் பாத்திரம் இல்லை.