கள்ளச் சாட்டு

"வாப்பா, கால் நோகுது."

என் மகன் இதை முதலில் சொன்னது 2017ஆம் ஆண்டு மாரி காலத்தில். அப்போது அவனுக்கு ஏழு வயது. பள்ளிக்கூடம் போகும் நேரம் பார்த்துச் சொன்னதால், கள்ளச் சாட்டு என்று ஏசினேன். நானும் ஓர் ஆசிரியன். பிள்ளைகளின் சாட்டுகளைக் கண்டு பழகியவன்.

ஒரு கிழமைக்குள் வலது முழங்கால் வீங்கியது. பிறகு இடது கணுக்கால். மூத்தம்மா எண்ணெய் தடவி ஓதி ஊதினார். இரவில்தான் நோவு கூடும். வீக்கம் சிறியது, அழுகை பெரியது.

ஊரில் காட்டிய டொக்டர் மூட்டுவாதம் என்றார். இரத்தப் பரிசோதனையிலும் பெரிதாக ஒன்றுமில்லை. ஸ்டீரொய்ட் குளிசை தந்தார். நாலு நாளில் பிள்ளை எழும்பி ஓடினான். அல்ஹம்துலில்லாஹ் என்று பாற்சோறு ஆக்கி அயலுக்குக் கொடுத்தோம். குளிசையைக் குறைத்ததும் நோவு திரும்பியது. கூடவே காய்ச்சல், முகத்தில் வெளிறல், தொடையில் நீலத் தழும்புகள்.

இரவு பஸ்ஸில் கொழும்புக்குக் கொண்டுபோனோம். மஹரகம புற்றுநோய் வைத்தியசாலையில் என்பு மச்சையை எடுத்துப் பார்த்தார்கள். இரத்தப் புற்றுநோய்.

அங்கேதான் விளங்கப்படுத்தினார்கள். மச்சைக்குள் நோய்க் குழியங்கள் நெருக்கிப் பெருகும்போது எலும்பும் மூட்டும் நோகும். சில பிள்ளைகளில், இரத்தத்தில் அடையாளம் தெரியுமுன்னே மூட்டு வீங்கிவிடும். ஸ்டீரொய்ட் அந்தக் குழியங்களையும் கொஞ்சக் காலம் அடக்கும், நோய் மறைந்துகொள்ளும். மூட்டுவாதத்தில் குருதிச் சிறுதட்டுகள் கூடக்கூடும். மகனின் பழைய ரிப்போர்ட்டில் அந்த எண் கீழ் எல்லையில் நின்றிருந்தது.

டொக்டரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மூட்டு நோகும் பிள்ளைகளில் மிகச் சிலருக்கே இந்த நோய். ஆனாலும் நித்திரையைக் குழப்பும் நோவு, வீக்கத்துக்கு மிஞ்சிய நோவு, காய்ச்சல், வெளிறல் என்று கண்டால், ஸ்டீரொய்ட் தொடங்குமுன் மச்சையையும் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள்.

சிகிச்சை 2020இல் முடிந்தது. மகன் இப்போது என்னைவிட வேகமாக நடக்கிறான். ஒருநாள் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "எதுக்கு வாப்பா?" என்றான். ஏசியது அவனுக்கு நினைவில்லை.

எனக்கு இருக்கிறது. வகுப்பில் ஒரு பிள்ளை கால் நோகுது என்றால், இப்போதெல்லாம் நான் கேட்பது ஒன்றுதான்: "இரவிலயும் நோகுதா, மகன்?"