பத்தொன்பதாவது ஆள்

உலகத்தில் மனிதர்களைத் தேர்ந்தெடுப்பதைப் போல் தொல்லையான காரியம் வேறொன்றும் இல்லை. கத்தரிக்காய் வாங்கப் போகிறவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். காம்பை அழுத்திப் பார்க்கலாம். வேண்டாமென்று கூடையிலேயே போட்டுவிட்டால் கத்தரிக்காய் ஒன்றும் வருந்துவதில்லை. மனிதர் விஷயம் அப்படியன்று. ஒதுக்கப்பட்டவன் அதை நாற்பது வருஷம் கழித்தும் நினைவில் வைத்திருப்பான். ஒதுக்கியவனுக்கோ மறுநாளே மறந்துவிடும். நமக்கு மறக்காமற் போன ஒரு சந்தர்ப்பத்தைப் பற்றியே இங்கே எழுதப் புகுந்தோம்.

நாம் ஆஸ்திரேலியாவில், மெல்போர்ன் நகரத்தின் தென்கிழக்குப் பகுதியில், ஒரு பள்ளிக்கூடத்தில் கணித உபாத்தியாயராயிருந்து வருகிறோம். சென்னையில் பட்டம் பெற்று இவ்வூர் வந்து சேர்ந்து பதினைந்து வருஷங்கள் ஆகின்றன. இந்நகரத்தார் குளிர்காலம் முழுவதும் ஒரே விஷயத்தைத்தான் பேசுவார்கள். அது ‘ஃபுட்டி’ என்று அவர்கள் செல்லமாக அழைக்கும் அவர்களுடைய கால்பந்தாட்டம். சென்ற வருஷம் பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் கோஷ்டியைக் கவனித்து வந்த தேகப்பயிற்சி ஆசிரியர் காலை முறித்துக்கொண்டார். தலைமை ஆசிரியை அம்மையார் நம்மை அழைத்து, “ஆட்டமும் ஒரு கணக்குத்தானே? நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டார். வீட்டில் சங்கதியைச் சொன்னபோது நம் இல்லத்தரசி, “அந்தப் பந்து உருண்டையா, நீளமா என்பதாவது உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டாள். நீளம் என்பது தெரிந்திருந்தது. அவ்வளவுதான் தெரிந்திருந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நேயர்களுக்கு இவ்வாட்டத்தின் இலக்கணத்தைச் சிறிது சொல்லிவிடுவது அவசியம். மைதானம் நீள்வட்டம், பந்தும் நீள்வட்டம். ஆகையால் தரையில் விழுந்த பந்து எந்தத் திசையில் துள்ளுமென்று பிரம்மதேவனாலும் சொல்ல முடியாது. ஒரு கோஷ்டிக்குப் பதினெட்டுப் பேர் களத்தில் நிற்பார்கள். இரு முனைகளிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடு இரண்டு கம்பங்களுக்கு இடையே பந்தை உதைத்து அனுப்பினால் ‘கோல்’. அதற்கு 6 புள்ளிகள். சற்றுத் தவறி, நடுக் கம்பத்துக்கும் ஓரக் கம்பத்துக்கும் இடையே போனால் 1 புள்ளி. பந்தைக் கையால் எறியக் கூடாது. காலால் உதைக்கலாம், அல்லது ஒரு கையில் பந்தை வைத்து மற்றக் கையின் முஷ்டியால் குத்தி அனுப்பலாம். இப்படிக் குத்துவதற்கு ‘ஹாண்ட்பால்’ என்று பெயர். உதைபட்டு வரும் பந்தை ஆகாயத்திலேயே பிடித்துவிட்டால் அது ‘மார்க்’. பிடித்தவன் ஒருவருடைய இடையூறுமின்றி நிதானமாக உதைக்கலாம். ஆட்டம் நான்கு பகுதிகளாக நடக்கும்.

இவ்வளவையும் கற்றுக்கொண்டு, நாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் கட்டங்கள் வரைந்தோம். ஒவ்வொரு பையனுக்கும் உயரத்துக்கு இவ்வளவு, ஓட்டத்துக்கு இவ்வளவு, உதைக்கும் தூரத்துக்கு இவ்வளவு, மார்க் பிடிப்பதற்கு இவ்வளவு என்று மார்க்குகள் போட்டுக் கூட்டினோம். முதற் பதினெட்டுப் பேர் களத்துக்கு. அடுத்த நால்வர் பெஞ்சியில் காத்திருக்க வேண்டிய மாற்றாட்கள். பத்தொன்பதாவதாக வந்தவன் ஒரு சிறிய உருவமுள்ள பையன். உயரத்தில் அவனுக்குக் கிடைத்தது ஏறக்குறையப் பூஜ்யம். நம் பட்டியலில் பாரபட்சம் கிடையாது, தாட்சண்யம் கிடையாது என்று நமக்குள்ளேயே பெருமைப்பட்டுக்கொண்டோம்.

அந்த வருஷத்தின் கடைசி ஆட்டத்தில் அவனிடம், “உன்னைக் கட்டாயம் இறக்குகிறேன்” என்று வாக்குக் கொடுத்திருந்தோம். மாற்றாட்களை எப்போது வேண்டுமானாலும் இறக்கலாம், விதி அனுமதிக்கிறது. ஆனால் ஆட்டம் இழுபறியாகிவிட்டது. மூன்றாம் பகுதி முடிந்ததும் அவன் மேற்சட்டையைக் கழற்றிவிட்டு வந்து, “சார், நான் போகட்டுமா?” என்றான். “கொஞ்சம் பொறு” என்றோம். பொறுத்தான். ஆட்டம் முடிந்தது. நாம் 4 புள்ளிகளில் தோற்றோம். அவன் தண்ணீர்ப் புட்டிகளைப் பொறுக்கிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான்.

திரும்பும் வழியில் நம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பள்ளியின் சரித்திர உபாத்தியாயர். ஓய்வு பெறும் தறுவாயிலிருந்தவர். பிறவியிலேயே காலிங்வுட் கோஷ்டியின் பக்தர். அவர் வெகு நேரம் மௌனமாயிருந்துவிட்டு, “1970-ஆம் வருஷத்து இறுதி ஆட்டத்தைப் பார்த்திருக்கிறீரா? நான் பத்து வயதில் நேரில் பார்த்து அழுதேன். நீர் படத்திலாவது பார்த்து வையும்” என்றார். அன்றிரவே பார்த்தோம். அடுத்த சில இரவுகளிலும் நோட்டுப் புத்தகத்துடன் உட்கார்ந்து பார்த்தோம்.

அந்த ஆட்டம் 1970 செப்டம்பர் 26-ஆம் தேதி மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்தில் நடந்தது. கூடியிருந்த ஜனங்கள் 121,696 பேர். இவ்வாட்டத்துக்கு அத்தனை பெரிய கூட்டம் அதற்கு முன்னும் கூடியதில்லை, பின்னும் கூடியதில்லை. ஒரு பக்கம் காலிங்வுட், மறு பக்கம் கார்ல்டன். அவ்வாண்டில் அதற்கு முன் மூன்று முறை சந்தித்து, மூன்று முறையும் காலிங்வுட்டே வென்றிருந்தது. பாதி ஆட்டம் முடிந்தபோது காலிங்வுட் 73, கார்ல்டன் 29. நாற்பத்து நான்கு புள்ளிகள் பின்னால் நிற்கிற கோஷ்டிக்கு அனுதாபம் தெரிவிக்கலாமே தவிர, ஆலோசனை சொல்ல இயலாது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கார்ல்டனைச் சேர்ந்த அலெக்ஸ் ஜெஸலெங்கோ, காலிங்வுட்டின் கிரேம் ஜென்கின் என்பவருடைய தோள்மீது ஏறிப் பிடித்த மார்க்கைப் பற்றி இன்றும் மெல்போர்ன்வாசிகள் பரவசத்துடன் பேசுகிறார்கள். அது இரண்டாம் பகுதியில் நிகழ்ந்தது. ஆகாயத்தில் அத்தனை அழகாகப் பறந்த கோஷ்டி, கணக்கில் அத்தனை ஆழத்தில் கிடந்தது!

கார்ல்டனின் பயிற்சியாளர் ரான் பராஸி. மெல்போர்ன் கோஷ்டியில் ஆட்டக்காரராக ஆறு முறை கிண்ணம் வென்று, 1965-இல் கார்ல்டனுக்கு வந்தவர். இடைவேளையில் அவர் இரண்டு காரியங்கள் செய்தார். ஒன்று, ஆடும் முறையை மாற்றினார். இரண்டாவது, ஓர் ஆளை மாற்றினார். இரண்டும் வெவ்வேறு காரியங்கள் என்றே முதலில் நமக்குத் தோன்றியது. மூன்றாம் தடவை படத்தைப் பார்த்தபோதுதான் இரண்டும் ஒன்றே என்பது விளங்கிற்று.

ஆடும் முறையை முதலில் எடுத்துக்கொள்வோம். அந்நாளில் பந்து கிடைத்தவன் செய்யும் காரியம், அதை எதிரி முனையை நோக்கி நீளமாக உதைப்பதுதான். நீள உதையில் பந்து வெகு நேரம் ஆகாயத்தில் இருக்கும். அது இறங்கும் இடத்தில் இரு கோஷ்டியாரும் கும்பலாய்க் கூடிவிடுவார்கள். உயரமும் பலமும் உள்ளவன் பிடித்துக்கொள்வான். அன்று பிடித்துக்கொண்டவர்கள் பெரும்பாலும் காலிங்வுட்காரர்கள். பராஸி தம் ஆட்களுக்கு இட்ட கட்டளை, “நிற்காதீர்கள், ஹாண்ட்பால், ஹாண்ட்பால்!” என்பதன் சாரந்தான். பந்தைப் பிடித்தவன் பக்கத்தில் ஓடி வருகிறவனுக்குக் குத்தி அனுப்ப வேண்டும், அவன் அடுத்தவனுக்கு. இப்படிச் செய்தால், தனக்கென்று ஓர் ஆளைக் காத்து நிற்கும் எதிரி, பந்துடன் ஓடி வருகிறவனைத் தடுப்பதற்காகத் தன் ஆளை விட்டு வரவேண்டியிருக்கிறது. வந்தால் அந்த ஆள் தனியனாகிறான். பந்து அவனிடம் போகிறது. வராவிட்டால் ஓடுகிறவனுக்குத் தடையே இல்லை. இரண்டிலும் நஷ்டம் எதிரிக்கே.

இனி ஆளை மாற்றிய விஷயம். அக்காலத்தில் பத்தொன்பதாவது, இருபதாவது ஆட்கள் என்று இரண்டே பேர் வெளியே உட்கார்ந்திருப்பார்கள். வெளியே வந்தவன் திரும்ப உள்ளே போக முடியாது. விரும்பியபோதெல்லாம் மாற்றிக்கொள்ளும் வழக்கம் 1978-இல்தான் வந்தது. ஆகவே மாற்றுவது என்றால், எய்த அம்பைப் போல் திரும்பாத காரியம். பராஸி பெர்ட் தார்ன்லி என்பவரை நிறுத்திவிட்டு, டெட் ஹாப்கின்ஸ் என்ற இளைஞரை இறக்கினார். ஹாப்கின்ஸ் உயரமானவர் அல்லர். நீள உதையும் கும்பலுமாக ஆட்டம் நடந்தவரையில் அவருக்கு அங்கே வேலை இல்லை. பந்து தரையோடும் கையோடும் ஓடத் தொடங்கியவுடன் அவரைப் போல் வேலையுள்ளவர் வேறு யாரும் இல்லை! மூன்றாம் பகுதி தொடங்கிய சற்று நேரத்துக்கெல்லாம் கோல் போட்டார். அன்று அவர் போட்டவை மொத்தம் நான்கு.

மூன்றாம் பகுதி முடிவில் காலிங்வுட் 94, கார்ல்டன் 77. ஆட்ட முடிவில் கார்ல்டன் 111, காலிங்வுட் 101. கணித உபாத்தியாயர் என்ற முறையில் இன்னும் ஒன்றையும் குறிப்பிட வேண்டும். கார்ல்டன் 17 கோலும் 9 ஒற்றைப் புள்ளியும். காலிங்வுட் 14 கோலும் 17 ஒற்றைப் புள்ளியும். அதாவது தோற்ற கோஷ்டிதான் கம்பங்களுக்கிடையே அதிக முறை பந்தை அனுப்பியது, 31-க்கு 26. நடுவே போகாமல் ஓரமாய்ப் போனவையே அவர்களைக் கெடுத்தன. அவர்களுடைய கோல் வீரர் பீட்டர் மக்கென்னா இடைவேளைக்கு முன் தம் கோஷ்டிக்காரருடனேயே மோதித் தலை கலங்கியதும் ஒரு காரணம். பந்தைக் குத்தி அனுப்பும் வித்தையைக் கண்டுபிடித்தவரும் பராஸி அல்லர்; 1960-களிலேயே ஜீலாங் கோஷ்டியின் கிரஹாம் ஃபார்மர் அதில் கைதேர்ந்திருந்தார். எல்லாவற்றையும் ஒரே மனிதருடைய மேதைக்குக் காணிக்கையாக்குவது நியாயமாகாது. எதிர்ப்பக்கத்துப் பயிற்சியாளர் பாப் ரோஸ் 1964-இல் 4 புள்ளியிலும், 1966-இல் 1 புள்ளியிலும், 1970-இல் 10 புள்ளியிலும் இறுதி ஆட்டத்தில் தோற்றவர். அவரை அறிவில்லாதவர் என்று யார் சொல்ல முடியும்?

ஆயினும் பராஸியிடம் ஒன்று கற்க வேண்டியிருக்கிறது. ‘இவன் நல்ல ஆட்டக்காரன், அவன் சாமானிய ஆட்டக்காரன்’ என்று நாம் பட்டியல் போடுகிறோம். எந்த முறைக்கு நல்லவன் என்று கேட்பதில்லை. முறையை மாற்றினால் பட்டியலே தலைகீழாகிவிடுகிறது. நம் நோட்டுப் புத்தகத்தில் உயரத்துக்கும் உதைக்கும் கட்டம் இருந்தது. தன்னைவிட நல்ல இடத்தில் நிற்பவனைக் கண்டு பந்தைக் கொடுத்துவிடும் குணத்துக்குக் கட்டம் இல்லை. பயிற்சியின்போது அந்தச் சிறு பையன் செய்ததெல்லாம் அது ஒன்றுதான் என்று சரித்திர உபாத்தியாயர் பிற்பாடு சொன்னார். அதை நாமும் கண்ணால் பார்த்திருக்கிறோம். கட்டம் இல்லாததால் எழுதவில்லை.

ஹாப்கின்ஸின் பிற்காலம் விசித்திரமானது. 1971-இல் ஒரே ஓர் ஆட்டம் ஆடிவிட்டுக் கார்ல்டனை விட்டு விலகினார். 1990-களில் ‘சாம்பியன் டேட்டா’ என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். ஆட்டத்தில் யார் எத்தனை முறை உதைத்தார், எங்கே கொடுத்தார், எப்படித் தடுத்தார் என்று எண்ணிக் கணக்கு வைப்பதே அதன் தொழில். பெஞ்சியில் உட்கார்ந்திருந்தவருக்கு, எண்ணப்படாமற் போகிறவை எவை என்பது நன்றாகத் தெரிந்திருக்கும் போலும்!

இது பழங்கதை என்று சொல்வோரும் உண்டு. 2019-இல் ரிச்மண்ட் கோஷ்டியின் ஜாக் கிரஹாம் தோளில் அடிபட்டார். இறுதி ஆட்டத்துக்கு அவருக்குப் பதில் யார் என்ற கேள்வி வந்தபோது, பயிற்சியாளர் டேமியன் ஹார்ட்விக் முதல்தரப் போட்டியில் ஒரு தரமேனும் ஆடியிராத மார்லியன் பிக்கெட் என்பவரைத் தேர்ந்தெடுத்தார். அவருக்கு அப்போது வயது 27. இளமையில் சிறைவாசம் அனுபவித்து மீண்டவர். இறுதி ஆட்டத்தில் முதன்முதலாக இறங்கியவர் என்று 1952-க்குப் பிறகு வேறொருவரும் இல்லை. அவர் அன்று ஒரு கோலும் போட்டார். ரிச்மண்ட் 89 புள்ளிகளில் வென்றது. ஹார்ட்விக் குருட்டு நம்பிக்கையில் துணியவில்லை. அதற்கு முன் வாரம் ரிச்மண்டின் இரண்டாம் கோஷ்டி ஆடிய இறுதி ஆட்டத்தில் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்று பதக்கம் பெற்றவர் பிக்கெட். பெரியவர்கள் கவனியாத மைதானத்திலும் ஒருவர் கவனித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

இந்த வருஷம் பெயர் கொடுக்கும்படி அறிவிப்புப் பலகையில் காகிதம் ஒட்டினோம். அந்தப் பையன் பெயர் கொடுக்கவில்லை. ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் அவனை நிறுத்தி, சென்ற வருஷம் வாக்குத் தவறியது நம் பிழை என்று சொன்னோம். நாற்பது வயதுக்கு மேல் ஒரு மாணவனிடம் இதைச் சொல்வது, தோற்ற ஆட்டத்தைவிடச் சிரமமாயிருந்தது. அவன் கோபிக்கவில்லை. “பரவாயில்லை, சார். அன்றைக்கு அப்பா லீவு போட்டுவிட்டு வந்திருந்தார்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

நமக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. வேலி ஓரத்தில் தொழிற்சாலைச் சட்டையுடன் ஒரு மனிதர் ஆட்டம் முடிகிறவரையில் நின்றுகொண்டிருந்தார். எதிர்க் கோஷ்டிப் பையன் ஒருவனுடைய தகப்பனார் என்று அன்று நாம் நினைத்துவிட்டோம்.

வீட்டில் இதைச் சொன்னோம். இல்லத்தரசி ஒன்றும் சொல்லவில்லை. தட்டில் இன்னொரு கரண்டி சாதம் போட்டாள். நோட்டுப் புத்தகத்தை நாம் கிழித்துப் போடவில்லை. கணக்கின்மேல் நமக்கு இன்னும் மதிப்பு உண்டு. வியாழக்கிழமைதோறும் பட்டியல் எழுத உட்காருகிறோம். முன்பெல்லாம் முதற் பெயரிலிருந்து தொடங்குவது வழக்கம். இப்போது பத்தொன்பதாவது பெயரை முதலில் எழுதி, அவனை எந்தப் பகுதியில் இறக்குவது என்பதையும் எதிரே குறித்துவிட்டு, பிறகுதான் முதற் பெயரை எழுதுகிறோம்.