சும்மாதான் இருக்கேன்

ரௌட்டருக்கு மின்சாரம் வந்ததும் அதற்குள் இருக்கும் லினக்ஸ் கெர்னல் ஃப்ளாஷ் சில்லிடம் அடையாள எண் கேட்கிறது. வந்த எண்ணைத் தன் பேரேட்டில் தேடி, இதனால் இன்னின்னது முடியும் என்று அங்கே எழுதியிருப்பதை நம்புகிறது. டிரைவர் நிரல் எழுதும் என் தங்கை மகள் சொன்ன சங்கதி இது.

மேக்ரோனிக்ஸின் 25635 வரிசையில் ‘இ’, ‘எஃப்’ என்று இரண்டு சில்லுகள். இரண்டுக்கும் ஒரே எண். 16 மெகாபைட்டுக்கு அப்பால் எட்ட நான்கு பைட் முகவரி வேண்டும்; அதற்கான தனிக் கட்டளைகள் ‘எஃப்’புக்குத் தெரியும், ‘இ’க்குத் தெரியாது. பேரேட்டிலோ இருவருக்கும் ஒரே வரி.

சில்லு தன் திறன்களைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும் அட்டவணையை ஜெடெக் அமைப்பு 2011இல் வகுத்தது. கெர்னல் அதைப் படிக்கிறது. அங்கும் நேரான பதில் இல்லை. ஆகவே நான்கு தடங்களில் வேகமாக வாசிக்கும் வேறொரு திறமை அதில் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் ‘எஃப்’ என்று முடிவுகட்டுகிறது.

இந்தக் குறுக்குக் கேள்வி எனக்குப் பிடித்துப்போயிற்று. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வீட்டுவேலை செய்யும் பெண்களைப் பிச்சையெடுப்போர், கைதிகளோடு சேர்த்து உழைக்காதோர் என்றது. 2010இல் உச்ச நீதிமன்றம் அதைக் கண்டித்தது. சரி, பெண்களையே கேட்டால்? கரும்புக்குக் களையெடுத்துவிட்டு வந்து மாட்டையும் பார்க்கும் படாளத்து அக்காக்கள் சொல்வார்கள்: “வீட்லதான், சும்மா இருக்கேன்.” அந்த அட்டவணையையும் வேறு யாரோதான் எழுதி வைத்திருக்கிறார்கள்.

2019இன் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வு வேறுவிதமாகக் கேட்டது: அதிகாலை 4 மணியிலிருந்து, ஒவ்வொரு அரைமணியிலும் என்ன செய்தீர்கள்? எங்கள் தெருவில் கேட்டால், வாசல் தெளிப்பதிலிருந்து ஆரம்பிப்பார்கள்.