வேட்டிக்கு மேலே கோட்டு

மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலுக்குக் கொஞ்ச தூரத்தில், ஒரு குறுக்குத் தெருவில் இருக்கிறது அந்தத் தையற்கடை. உள்ளே புதுத்துணி மிகக் குறைவு. சுவர் நெடுகத் தொங்குவது யாரோ உடுத்திக் கழித்த கோட்டுகள். மூட்டையாக வந்து நடைபாதையில் குவிக்கப்படும் பழைய உடுப்புகளில் இருந்து மாஸ்டர் பொறுக்கி எடுத்தவை. எல்கடுவை, ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களின் மேல் டிவிசன்களில் இருந்து வரும் வயசாளிகள்தான் அவற்றுக்கு வாடிக்கையாளர்கள். மாத்தளை டவுன் புழுங்கும். நக்கிள்ஸ் மலைப்பக்கம் ஏறினாலோ விடியற்காலைப் பனிக்கு முதுகில் ஒரு கம்பளித்துணி இருந்தாக வேண்டும்.

நான் போனது வேறொரு வேலையாக. கிளாஸ்கோவில் வளர்ந்த என் அக்கா மகன், கூட்டாளியின் கலியாணத்துக்குக் கில்ட் கட்டப் போகிறான். ஸ்கொட்லாந்து ஆண்கள் இடுப்பில் சுற்றுகிற கட்டம்போட்ட கம்பளித்துணி அது. அதன்மேல் போடும் ஜாக்கெட் அங்கே விலை கூட. பழைய சூட் கோட்டை வாங்கித் தாங்களே வெட்டித் தைப்பதைப் பொழுதுபோக்காகச் செய்கிறவர்கள் அங்கே இருக்கிறார்களாம். "நம்ம ஊர்ல யாரையாவது கேட்டுப் பாருங்க மாமா" என்று அளவுகளையும் படங்களையும் அனுப்பியிருந்தான்.

மாஸ்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது பெரிய கங்காணி கோட்டு மாதிரித்தானே தம்பி. கீழ கட்டியிருக்கிறதுதான் வேற" என்றார். நாலு வார்த்தையில் அவர் விஷயத்தைப் பிடித்துவிட்டார்.

சூட் கோட்டு களிசானுக்கென்று வெட்டப்படுவது. பின்புறத்தை மூடி இறங்கும். கில்டும் வேட்டியும் இடுப்பைச் சுற்றிவரும் துணிகள். கில்டைத் தொப்புள் உயரத்தில் கட்டுவார்கள், பின்னால் முழுக்க மடிப்பு. அந்தத் தடிப்பின் மேல் நீளக் கோட்டு விழுந்தால் அடிவிளிம்பு விரிந்து நிற்கும், ஆள் கட்டையாகத் தெரிவார். ஆகவே கில்ட் ஜாக்கெட் சாதாரணக் கோட்டைவிடச் சில அங்குலம் குட்டை. முன்பக்கம் இரண்டும் வளைந்து விலகும். கில்டின் முன்னால் தொங்கும் ஸ்போரன் என்ற தோல்பைக்கு அது விடும் இடம்.

கீழே வெட்டி மடித்தடித்தால் முடிந்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன். மாஸ்டர் கோட்டின் பையைத் தொட்டுக் காட்டினார். நீளத்தைக் குறைத்தால் கீழ்ப்பைகள் புது விளிம்பில் வந்து முட்டும். மேலே வைத்துத் தைத்த ஒட்டுப்பை என்றால் பிரித்து உயர்த்தலாம். துணியைக் கீறி வைத்த பை என்றால் கீறல் கீறல்தான்; உள்பையைக் குட்டையாக்கி, மேலே மூடியைத் திருத்தி ஒப்பேற்ற வேண்டும். பட்டனும் அப்படியே. காஜாவை ஒருதடவை வெட்டினால் இடம் மாற்ற முடியாது, ஆகவே கடைசிப் பட்டன் ஏற்கெனவே உயரத்தில் இருக்கிற கோட்டாகத் தேட வேண்டும். நல்ல கோட்டைப் பொறுக்குவதிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது.

பொறுக்குவதைப் பார்க்க வேண்டும். உள் தையலில் இருந்து ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டுகிறார். தலைமுடி கருகிய நாற்றத்தோடு பொடியாக உதிர்ந்தால் கம்பளி, உருகிக் கட்டியானால் பொலியஸ்டர். பிறகு நெஞ்சுப் பக்கத்துத் துணியை வெளியிலிருந்தும் உள்ளிருந்தும் கிள்ளிப் பிரிக்கிறார். நடுவில் தனியாக ஒரு படை நழுவினால் அது கேன்வாஸ் வைத்துத் தைத்தது. நழுவாவிட்டால் பசை போட்டு ஒட்டியது. சூட்டிலும் ஈரத்திலும் பசை விட்டுப்போனால் நெஞ்சில் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். ஒட்டியதை அவர் பெரும்பாலும் தள்ளிவிடுகிறார்.

வெட்டுவதற்கு முன்னால் பிரிப்பு. பிளேட் நுனியால் லைனிங்கை விடுவித்து, பழைய நூலை ஒவ்வொன்றாக எடுத்து, மடிப்புக் கோட்டை ஈரத்துணி வைத்து அயன் பண்ணி அழித்து, சோக்கட்டியால் புது வளைவை வரைந்து, நூலோட்டம் போட்டுப் பார்த்த பிறகே கத்தரிக்கோலை எடுக்கிறார். கீழே வெட்டி எடுத்த துண்டும் வீணாகவில்லை. கைமுனைக்கு அகலப் பட்டியாயிற்று. இடது முன்பக்க வளைவை வலதோடு ஒத்துவர வைக்க அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு புதுச் சட்டையே தைத்திருப்பார். லைனிங்கை உள்ளே பிடிக்கும் கைத்தையல் முழுவதும் அவருடைய மனைவி. கொழுந்து மலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். தையல் வெளியே தெரியாமல், துணியும் இழுபடாமல் அவர் ஊசி ஓடுகிறது. கடைப் பலகையில் அவர் பெயரும் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

பெரிய கங்காணி என்று மாஸ்டர் சொன்னதைச் சும்மா கடந்துபோக முடியவில்லை. தோட்டத்துக்கு ஆட்களைக் கூட்டிவந்து வேலை வாங்கியவர் அவர்; பழைய தோட்டப் படங்களில் தலைப்பாகை, வேட்டி, அதன்மேல் கோட்டு என்று நிற்பார். கோட்டு அங்கே குளிருக்கு மட்டுமல்ல. தோட்டத்தை நடத்திய துரைக்கும் ஆட்களுக்கும் நடுவே அவர் நின்ற இடத்தைக் காட்டியது. ஆட்களுக்குக் கிடைத்தது கம்பளிப் போர்வை. அதன் விலையும் அவர்கள் கணக்கில் கடனாக ஏறியது. துரைமாரில் ஸ்கொட்லாந்துக்காரர் நிறையப் பேர். லூல்கந்துரையில் 1867இல் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லரும் அவர்களில் ஒருவர். அவர்களுடைய நாட்டிலேயே மலைநாட்டு ஆண்களின் உடுப்பை 1746இல் சட்டம் போட்டுத் தடுத்து, 1782இல்தான் விட்டார்கள். உடுப்பில் அதிகாரம் கைவைத்த கதை இரண்டு மலைநாட்டுக்கும் உண்டு.

அந்தத் தோட்டங்களில் வேலைக்காகத் தென்னிந்தியாவில் இருந்து மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியாக நடந்து வந்தவர்கள், வழியில் செத்தவர்கள் போக மிஞ்சி வந்து சேர்ந்த ஊர் மாத்தளை. அவர்கள் வந்த இருநூறாம் ஆண்டு நினைவாக 2023இல் தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணமும் இங்கேதான் முடிந்தது. அப்படி வந்தவர்களின் வழியில் வந்த, தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவர்களும் காவல்காரர்களும் இன்றைக்குச் சாரத்துக்கு மேலே கோட்டுப் போடுகிறார்கள். தாத்தன் காலத்தில் அந்தஸ்தாக இருந்ததைத் தங்கள் உடம்புக்கு அளந்து, தங்கள் காசில் வாங்கிப் போடுகிறார்கள். எனக்கு அது பெரிய காரியமாகத் தெரிகிறது. கிளாஸ்கோ பையனுக்கும் சாரம் கட்டிய வயசாளிக்கும் மாஸ்டர் எடுத்த அளவு ஒரே இடத்தில்தான் தொடங்கியது: துணி கட்டுகிற இடுப்பில்.

அவருக்குப் பிறகு இதைச் செய்ய ஆள் இல்லை. அவரிடம் பழகிய பையன்கள் கார்மன்ட் தொழிற்சாலைகளுக்குப் போய்விட்டார்கள். அங்கே ஒருவர் கைமுனை மட்டும், ஒருவர் கொலர் மட்டும்; சம்பளம் மாதாமாதம் வரும். பழைய கோட்டைப் பிரிக்கிற நேரத்துக்கு இங்கே யாரும் காசு தருவதில்லை. "வெட்டித் தைக்கிறதுதானே" என்று பேரம் பேசுகிறார்கள். உங்கள் வீட்டு அலுமாரியிலும் ஒரு கம்பளிக் கோட்டு இருக்கும். அதை எறியாமல் இப்படி ஒரு கடைக்குக் கொண்டுபோங்கள். கூலி பேசும்போது பிரிக்கிற நேரத்தையும் கைத்தையலையும் தனித்தனியாகக் கேட்டு, இரண்டுக்கும் சேர்த்துக் கொடுங்கள்.