வாயில்லா வழிப்போக்கர்

யாழ்ப்பாண நகரினின்றும் பலாலி வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்வோர், திருநெல்வேலிச் சந்தையின் இரைச்சலைக் கடந்ததும் வேறோர் உலகினுட் புகுவர். கோண்டாவில், உரும்பிராய், புன்னாலைக்கட்டுவன் என ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக் கிடக்கின்றன. எங்கணும் செம்மண், அம்மண்ணில் வெங்காயமும் வாழையும் புகையிலையும், வேலிகளிற் கிளுவையும் பூவரசும். படலைதோறும் ஒரு நாய் படுத்திருக்கும். ஏறத்தாழ 10 மைல் தொலைவில் இவ்வீதி நம்மைப் பலாலி விமான நிலையத்துக்குக் கொண்டு சேர்க்கிறது.

இந்நிலையத்தின் கதை பழையது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானிய வான்படையினர் அமைத்த ஓடுபாதை இது. 1947 டிசெம்பர் 10ஆம் நாள், ‘எயார் சிலோன்’ நிறுவனத்தின் முதற் சேவை இரத்மலானையிற் புறப்பட்டு இவ்வழியாகவே சென்னைக்குச் சென்றது. பின்னர் வந்த போர் ஆண்டுகள் பலாலியை இராணுவ எல்லைக்குள் அடைத்துவிட்டன. 1990இல் இடம்பெயர்ந்த வலிகாமம் வடக்கு மக்களுள் இன்னும் தம் காணிகளைக் காணாதோர் உளர். அக்கதை தனியே எழுதத்தக்கது. 2019 ஒக்ரோபர் 17ஆம் நாள் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் எனும் பெயருடன் பலாலி மீண்டும் திறக்கப்பட்டது. அடுத்த மாதம் தொடங்கிய சென்னைச் சேவை 2020இற் கொரோனாப் பெருந்தொற்றால் நின்று, 2022 டிசெம்பரில் மீண்டது. 2024 செப்டெம்பர் முதல் இண்டிகோ விமானங்களும் வந்து போகின்றன. காலை உணவை யாழ்ப்பாணத்தில் முடித்துக்கொண்டு மதிய உணவுக்குச் சென்னையில் இருக்கலாம்.

மனிதர்க்குக் கிடைத்துள்ள இந்த வசதி அவர்தம் நாய்க்கும் பூனைக்கும் உண்டோ என்பதே நாம் இங்கு ஆராயப் புகுந்தது.

யாழ்ப்பாணத்திலிருந்து விலங்குகள் கடல் கடப்பது புதுமையன்று. வன்னிக் காட்டிற் பிடிக்கப்பட்ட யானைகள் ஆனையிறவுக் களப்பைக் கடந்து குடாநாட்டுக்குக் கொண்டுவரப்பட்டு, ஊர்காவற்றுறையிற் கப்பலேறின. ஊர்காவற்றுறையை ஆங்கிலத்திற் ‘கயிற்ஸ்’ என்கிறோமே, அச்சொல் யானைத்துறை என்று பொருள்படும் போர்த்துக்கேயப் பெயரின் சிதைவு என்பர். ஒல்லாந்தர் காலத்தில் இந்திய வணிகர் இங்கு வந்து யானைகளை விலைக்கு வாங்கிச் சென்றனர். அந்த யானைகளிடம் எவரும் நற்சான்றிதழ் கேட்டதாகத் தெரியவில்லை. இன்று ஒரு பூனைக்குட்டிக்குக் கேட்கப்படும் பத்திரங்களைக் கண்டால் அவ்வணிகர் மூர்ச்சித்து வீழ்வர்!

முதலிற் சென்னை வழியைப் பார்ப்போம். இண்டிகோ நிறுவனம் தன் பயணிகள் விமானங்களிற் செல்லப்பிராணிகளை ஏற்றுவதில்லை. மாற்றுத்திறனாளருக்குத் துணைசெய்யும் நாய்க்கே விலக்கு. விமானம் ஏற்றினாலும் இந்தியச் சட்டம் எளிதில் இடந்தராது. குறைந்தது இரண்டாண்டு தொடர்ந்து வெளிநாட்டில் வாழ்ந்துவிட்டு இந்தியாவுக்குக் குடிபெயர்வோர் இரண்டு பிராணிகள் வரை உடன் கொண்டுவரலாம். அதற்கும் அங்குள்ள விலங்குத் தடுப்புக்காப்பு நிலையத்தின் ஆட்சேபனையின்மைக் கடிதம் வேண்டும். ஏனையோர் இறக்குமதி உரிமம் பெறுதல் வேண்டும். ஆகவே, கோயில் தரிசனத்துக்கோ மருத்துவத்துக்கோ சென்னை செல்லும் குடும்பம் தன் நாயை அயலவரிடம் ஒப்படைத்துச் செல்வதே நடைமுறை. கடல் குறுகியது, சட்டம் அகன்றது.

தொலைநாடுகளுக்குச் செல்வோர் கட்டுநாயக்கா வழியே போக வேண்டியவராவர். இங்கே வாசகர்கள் ஒன்றை நன்கு மனங்கொள்ளல் வேண்டும். விமான நிறுவனத்தின் விதி வேறு. சேரும் நாட்டின் விதி வேறு. இடையில் விமானம் மாறும் நாட்டுக்கும் தனி விதி இருக்கலாம். இம்மூன்றும் ஒருங்கே இசைந்தாலன்றிப் பிராணி புறப்படாது. பயணச்சீட்டை முதலில் வாங்கிவிட்டுப் பின்னர் நாயைப் பற்றி விசாரிப்பது, பந்தல் போட்ட பின் பொருத்தம் பார்ப்பதை ஒக்கும்.

நாடுகள் அஞ்சுவது நாயையன்று, விசர்நோயையே. இலங்கையில் அந்நோய் இன்னும் உண்டு. ஆதலின் பிரித்தானியாவும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளும் நம் நாட்டு நாய்களிடம் ஒழுங்கான வரிசையொன்றை எதிர்பார்க்கின்றன. முதலில், அரிசிமணி அளவான அடையாளச் சில்லு தோலின் கீழ்ப் பதிக்கப்படும். 15 இலக்கங்கொண்ட அதன் எண்ணே பிராணியின் பெயரும் முகவரியும். அதன் பின்னரே விசர்நோய்த் தடுப்பூசி. சில்லு பதிக்குமுன் ஏற்றிய ஊசி கணக்கிற் சேராது. இன்ன நாய்க்குத்தான் அது ஏற்றப்பட்டது என்பதற்கு அப்பொழுது சான்றில்லையன்றோ! ஊசியேற்றிக் குறைந்தது 30 நாள் கழிந்த பின் இரத்தம் எடுத்து, அங்கீகரிக்கப்பட்ட ஆய்வுகூடத்திற் பரிசோதிப்பர். எதிர்ப்புச் சக்தி மில்லிலீற்றருக்கு 0.5 சர்வதேச அலகுக்குக் குறையலாகாது. அவ்வளவும் சரியாயினும், இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருத்தல் வேண்டும். ஊசிக்கு முன்னரே நோய் தொற்றியிருப்பின் அக்காலத்துள் பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும் என்பதே காரணம். ஆக, இலண்டனுக்கோ பாரிசுக்கோ நாயுடன் செல்ல எண்ணுவோர் அரையாண்டுக்கு முன்னரே ஆயத்தஞ் செய்தல் நன்று. பிரித்தானியாவுக்கு விமானத்திற் செல்லும் பிராணி, துணைநாய் நீங்கலாக, சரக்காகவே போய் இறங்கவேண்டும் என்பதையும் மறவற்க.

அவுஸ்திரேலியாவின் கதவு இன்னும் இறுக்கமானது. இலங்கையிலிருந்து நேரே எந்த நாயும் அங்கு புகல் இயலாது. அந்நாடு அங்கீகரித்த வேறொரு நாட்டில் மாதக்கணக்கில் வாழ்ந்து, பின்னர் மெல்பேணுக்கு அண்மையிலுள்ள மிக்கிள்ஹாம் நிலையத்திற் குறைந்தது 10 நாள் தனித்திருத்தல் வேண்டும்.

இவ்வளவும் கேட்டு மனஞ்சோர்ந்தோர்க்கு ஓர் ஆறுதல் உண்டு. நம்மவர் பெருந்தொகையாக வாழும் கனடாவின் விதி எளியது. எட்டு மாதம் நிறைந்த வளர்ப்பு நாயை உரிமையாளர் உடன் கொண்டுசெல்வதாயின், செல்லுபடியான விசர்நோய்த் தடுப்பூசிச் சான்றிதழ் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ இருத்தல் போதும். இரத்தப் பரிசோதனையும் இல்லை, தடுத்துவைத்தலும் இல்லை. 2022 செப்டெம்பரில் விதிக்கப்பட்ட தடை, விற்பனை முதலிய வணிக நோக்குடன் கொண்டுவரப்படும் நாய்களுக்கே உரியது. நம் நாட்டை விட்டுப் புறப்படுவதற்குக் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் நற்சான்றிதழைப் பெற்றுக்கொள்க.

இச்செய்தியை உரும்பிராயில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் இல்லத்திற் கூறியபோது, அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மகள் ரொறன்ரோவில் இருக்கிறாள். தாய் தந்தையரை அழைத்துக்கொள்ள ஒழுங்குகள் முடிந்துவிட்டன. ‘வீரன்’ எனும் ஒன்பது வயது நாட்டு நாய் ஒன்று திண்ணையில் அவர் காலடியிற் கிடந்தது.

“தொண்ணூற்றைந்தில ஒண்டை விட்டிட்டுப் போனனாங்கள், தம்பி. திரும்பி வரேக்கை அது இல்லை,” என்றார் அவர். “இன்னொருக்கா ஏலாது.”

1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் ஓரிரவிற் பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தைக் கடந்ததை அறியாதார் இலர். மழையில், குழந்தையைத் தோளிலும் பாயைத் தலையிலும் சுமந்து நடந்தவர் நாய்க்கு என்ன செய்வது? கட்டை அவிழ்த்து விட்டனர். சிலர் பானையிலிருந்த சோற்றை முற்றத்திற் கொட்டிச் சென்றனர். அவருடைய மனைவியார் உள்ளிருந்தபடியே, “சங்கிலியை நான்தான் கழட்டினனான்,” என்றார். அதன்மேல் அவ்வீட்டிற் சிறிது நேரம் எவரும் பேசவில்லை.

ஆசிரியர் கேட்ட வினாக்களுள் முதன்மையானது, சரக்கறையிற் காற்றிருக்குமா என்பது. இருக்கும். உயிர்ப்பிராணிகளை ஏற்றும் அறைக்குப் பயணிகள் இருக்கும் அறைக்குரிய காற்றழுத்தமே உண்டு, வெப்பமும் கட்டுப்படுத்தப்படும். துன்பம் பெரும்பாலும் வானத்திலன்று, தரையிலேயே நேர்கிறது. கொதிக்கும் தளத்திற் பெட்டி காத்திருக்கும் பொழுதே ஆபத்து. இதனாலேயே தரை வெப்பம் ஏறத்தாழ 30 பாகையைத் தாண்டினால் நாயை ஏற்க மறுக்கும் நிறுவனங்கள் உள்ளன. நம் நாட்டில் அவ்வெப்பம் சாதாரணமாதலின் இரவு விமானமே உகந்தது. பக், புல்டோக் முதலிய சப்பை மூக்கு நாய்கள் மூச்சுத்திணறும் இயல்பின ஆகையாற் பல நிறுவனங்கள் அவற்றை ஏற்பதேயில்லை. பெருவிலை கொடுத்து வாங்கிய சீமை நாய் நிலத்தில் நிற்க, நீண்ட மூக்குடைய நம் ஊர் நாய் வானேறுவதில் ஒரு நீதி இருப்பதாகவே நமக்குத் தோன்றிற்று.

“தூக்க மருந்து குடுத்தால் பயப்படாதல்லோ?” என்றார் அம்மையார். கூடாது. மயங்கிய நாயால் விமானம் அசையும்போது உடலைச் சமன்செய்ய முடியாது. இரத்த அழுத்தமும் மூச்சும் தளரும். பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் உயிர்ப்பிராணி விதிநூலும் இதனை ஊக்குவிப்பதில்லை. மருந்தைவிட நல்லது பழக்கம்: பல கிழமைகளுக்கு முன்னரே பெட்டியை வீட்டில் வைத்து, அதனுள்ளேயே உணவிட்டு உறங்கச் செய்தல். ஏறுமுன் வயிறு நிறைய ஊட்டுவதும் தவிர்க்கத்தக்கது.

பெட்டியின் அளவுக்கும் கணக்குண்டு. மூக்கு நுனியிலிருந்து வாலடி வரையுள்ள நீளத்தோடு முழங்கை உயரத்திற் பாதியைக் கூட்டினாற் பெட்டியின் நீளம். தோளகலத்தை இரட்டித்தால் அகலம். நிற்கும்போது தலையோ காதோ எது உயர்ந்ததோ அதுவரையுள்ள உயரத்தோடு விரிப்பின் தடிப்பைச் சேர்த்தால் உயரம். நாய் நிமிர்ந்து நிற்கவும், திரும்பவும், இயல்பாகப் படுக்கவும் இடமிருத்தல் வேண்டும் என்பதே இதன் கருத்து.

மறுநாள் மாலை தச்சர் வந்து வீரனை அளந்தார். நீளம் 70 சென்ரிமீற்றர், முழங்கை உயரம் 26. ஆகவே பெட்டி 83. தோளகலம் 20, ஆகவே 40. அளவுநாடாவைக் கவ்வ முயன்ற வீரனை ஆசிரியர் இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார். தண்ணீர்க் கிண்ணம் உள்ளே பூட்டப்பட்டு, கதவைத் திறவாமலே வெளியிலிருந்து நிரப்பத்தக்கதாய் இருத்தல் வேண்டும் என்றோம். அதனை இடப்பக்கம் பூட்டுவதா வலப்பக்கம் பூட்டுவதா என்பதில் ஆசிரியருக்கும் அம்மையாருக்கும் எழுந்த விவாதம் நாம் விடைபெறும் வரையில் முடிந்தபாடில்லை.